கொரியத் தொடர்களின் பெருமுயற்சியும் குறையும்

கொரியத் தொலைக்காட்சித் தொடருக்கு முடிவு உண்டு. அதன் பலத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. பல தொடர்கள் 16 பகுதிகளில் நின்றுவிடும். ஒரு பகுதி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே போகும். வாரத்தில் இரண்டு நாள் என்று ஒளிபரப்பினால் எட்டே வாரத்தில் கதை தீர்ந்துவிடும். எழுதுகிறவர் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். இங்கே சினிமாவுக்கு இயக்குநர் பெயரைச் சொல்லிக் கூட்டம் சேர்ப்பதுபோல அங்கே தொடருக்கு எழுத்தாளர் பெயரைச் சொல்கிறார்கள். முடிவைத் தெரிந்துகொண்டு தொடங்கும் கதைக்கு ஒரு கட்டுக்கோப்பு தானே வந்துவிடுகிறது.

இந்தக் கதைகள் இந்தியாவுக்குள் வந்த வழிகள் பல. மணிப்பூரில் 2000ஆம் ஆண்டு ஆயுதக் குழு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை போட்டது. காலியான இடத்தில் கொரியப் படங்களும் தொடர்களும் வந்து உட்கார்ந்தன. தமிழ்நாட்டில் யாரும் எதையும் தடுக்கவில்லை, ஆனாலும் வந்தன. 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி, 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' போன்ற கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியது. சலவைக்கடைக்காரர் மகளைப் பெரும் பணக்காரர் மகன் விரும்பும் கதை அது. தமிழ் சினிமா பலமுறை சொன்ன கதைதான். அதைப் பெருமுயற்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பெருமுயற்சி என்று சொல்லத் தக்கது 'டே ஜாங் கும்'. 2003, 2004 ஆண்டுகளில் எம்பிசி நிறுவனம் 54 பகுதிகளாக ஒளிபரப்பிய வரலாற்றுத் தொடர். 16ஆம் நூற்றாண்டில் ஜுங்ஜோங் என்ற அரசனின் காலத்து ஆவணங்களில் ஜாங் கும் என்ற பெண் மருத்துவரைப் பற்றி மிகச் சில குறிப்புகளே உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு, அரண்மனை அடுக்களையில் சேர்ந்த ஒரு சிறுமி அரசனுக்கே மருத்துவம் பார்க்கும் இடத்துக்கு உயர்ந்த கதையை எழுத்தாளர் கிம் யங்-ஹியோன் எழுப்பினார். சமையலை இவ்வளவு மரியாதையோடு காட்டிய தொடர் அரிது. குழம்பில் எது குறைகிறது என்று நாக்கால் கண்டுபிடிக்கும் காட்சிகளில் சண்டைக் காட்சியின் பதற்றம் இருக்கிறது. ஆனால் எதிரிகள் ஒரே மாதிரிச் சூழ்ச்சியைத் திரும்பத் திரும்பச் செய்வதும், நாயகி எல்லாவற்றிலும் முதலாக வருவதும் பிற்பகுதியில் அலுப்பைத் தருகின்றன. அடுக்களையில் இருந்த உயிர் மருத்துவச் சாலைக்குள் அவ்வளவாக வரவில்லை.

புகழ்ச்சியும் குறையும் ஒரே தொடரில் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை. இயக்குநர் கிம் வொன்-சாக் செய்த தொடர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். 2014இல் 'மிசேங்': அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞனின் கதை. 2016இல் 'சிக்னல்': பழைய வாக்கி டாக்கி ஒன்றின் வழியாக, கடந்த காலத்துக் காவலரும் இன்றைய புலனாய்வாளரும் பேசிக்கொள்கிறார்கள், தீராத கொலை வழக்குகளைத் தேடுகிறார்கள். எழுதியவர் கிம் உன்-ஹீ. ஹ்வாசாங் வட்டாரத்தில் உண்மையில் நடந்த தொடர்கொலைகளின் நிழல் அதில் விழுகிறது. அந்த வழக்கின் உண்மைக் குற்றவாளி 2019இல்தான் மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டான். நீதி தாமதமானால் பாதிக்கப்பட்ட குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதை இந்தத் தொடர் அளவுக்கு நெருங்கிச் சொன்ன துப்பறியும் கதைகள் குறைவு. 2018இல் 'மை மிஸ்டர்': கடனில் மூழ்கிய ஓர் இளம்பெண், வாழ்க்கையில் சலித்துப்போன நடுவயதுப் பொறியாளர், அவருடைய இரண்டு சகோதரர்கள், தெருமுனையில் ஒரு மதுக்கடை. இவ்வளவுதான் அதன் உலகம்.

அதே இயக்குநர் 2019இல் 'ஆர்த்தால் குரோனிகிள்ஸ்' செய்தார். எழுதிய இருவரில் ஒருவர் 'டே ஜாங் கும்' எழுதிய அதே கிம் யங்-ஹியோன். செலவு ஏறத்தாழ 5,400 கோடி வொன் என்று செய்திகள் வந்தன. அன்றைய மதிப்பில் 300 கோடி ரூபாய்க்கு மேல். இல்லாத ஒரு பழங்கால நாடு, அதற்குக் குலங்கள், தெய்வங்கள், தனி மொழி, தனி உடை. அரசு என்ற அமைப்பு எப்படித் தோன்றியது என்பதைப் பதினெட்டுப் பகுதிகளில் சொல்லப் பார்த்தார்கள். எண்ணம் பெரியது, அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் சில பகுதிகள் குலப்பெயர்களை மனப்பாடம் செய்யவே பார்ப்பவரை அழைக்கின்றன. யாருக்காகக் கண்ணீர் விடுவது என்று தெரிவதற்குள் போர் தொடங்கிவிடுகிறது. அமெரிக்கத் தொடரான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' போல இருக்கிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 2023இல் வந்த தொடர்ச்சியில் முக்கிய நடிகர்களே மாறிப்போனார்கள். திறமைக் குறைவால் வந்த சறுக்கல் என்று இதைச் சொல்லவே முடியாது. ஒரு மதுக்கடையை வைத்து உலகத்தைக் காட்டிய கை, உலகத்தையே கட்டப் போனபோது மனிதரைத் தவறவிட்டது.

இப்படி ஒரே படைப்பில் கொள்வதையும் தள்ளுவதையும் பிரித்துப் பார்ப்பது நம் குற்றால வட்டாரத்துக்குப் புதிதல்ல, அவையோரே. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் இருந்துகொண்டு கம்பனைப் படித்த முறை அதுதான். உள்ளத்தைத் தொட்ட பாடலைக் கொண்டாடினார். கம்பன் வாக்கு இல்லை என்று தமக்குத் தோன்றியதைத் தயங்காமல் ஒதுக்கினார். அந்தத் துணிவைப் பண்டிதர்கள் பலர் கண்டித்தார்கள். கண்டனத்தில் நியாயமும் இருந்தது. ஆனாலும் முழுதாகத் தலையில் வைக்கவோ முழுதாகத் தூக்கி எறியவோ தேவையில்லை என்ற பழக்கத்தை அவர் இந்த மண்ணில் விதைத்தார்.

'ஸ்குவிட் கேம்' அப்படித்தான் பார்க்கப்பட வேண்டிய தொடர். 2021 செப்டம்பரில் ஒன்பது பகுதிகளாக வந்தது. கடனாளிகள் 456 பேர் உயிரைப் பணயம் வைத்துச் சிறுபிள்ளை விளையாட்டுகளை ஆடுகிறார்கள். பரிசு 4,560 கோடி வொன். 2022இல் இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹ்யுக், நடிகர் லீ ஜங்-ஜே இருவருக்கும் எம்மி விருது கிடைத்தது. நாயகன் கார்த் தொழிற்சாலையில் வேலை இழந்த தொழிலாளி. 2009இல் சாங்யாங் மோட்டார் ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. அலி என்ற பாகிஸ்தான் தொழிலாளிக்கு முதலாளி மாதக்கணக்கில் சம்பளம் தருவதில்லை. அந்த வேடத்தில் நடித்தவர் டெல்லிக்காரரான அனுபம் திரிபாதி. வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு மாதப் பணத்துக்குக் காத்திருக்கும் தென்காசி மாவட்டத்துக் குடும்பம் எதுவும் அலியை அந்நியனாக நினைக்காது. கோலிக்குண்டு விளையாட்டில் அவன் ஏமாற்றப்படும் பகுதிதான் தொடரின் உச்சம்.

அதற்குப் பிறகு வந்த தொடர்ச்சிகள் அந்த உயரத்தில் இல்லை. 2024 டிசம்பரில் ஏழு பகுதிகள், 2025 ஜூனில் ஆறு பகுதிகள். ஒரே கதையை இரண்டாக வெட்டியதால் முதல் பாதி கலகத்தின் நடுவில் அறுந்து நின்றது. கடனாளிகளின் வாழ்க்கை சுருங்கி, விளையாட்டை நடத்தும் முகமூடிக்காரர்களின் ரகசியம் பெருத்தது. முடிவை வைத்து எழுதும் கொரிய வழக்கத்துக்கே இது எதிர். கதை முடிந்த பிறகும் தொடரை நீட்டச் சொல்லும் வியாபார அழுத்தம், உலகச் சந்தையோடு சேர்ந்து கொரியாவுக்கும் வந்துவிட்டது.

பிரம்மாண்டத்துக்கு உழைப்பாளிகள் கொடுக்கும் விலையும் கணக்கில் சேர வேண்டும். ஒளிபரப்பு நாள்வரை படம்பிடித்துக்கொண்டே இருக்கும் வழக்கத்தால் படப்பிடிப்புத் தொழிலாளர்கள் தூக்கமின்றி வேலை செய்தார்கள். வாரத்துக்கு 52 மணி நேரமே வேலை என்ற சட்டம் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதன் பிறகும் 'ஆர்த்தால்' படப்பிடிப்பில் வேலைநேரம் மீறப்பட்டதாகப் புகார் எழுந்தது.

2025 மார்ச்சில் கிம் வொன்-சாக் மீண்டும் சின்ன உலகத்துக்குத் திரும்பினார். 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' ஜெஜு தீவில் ஓர் ஏழைப் பெண்ணின் முழு வாழ்க்கை. எழுதியவர் லிம் சாங்-சுன். கடலில் மூழ்கிச் சிப்பியும் கிளிஞ்சலும் எடுக்கும் தாய், படிக்க ஆசைப்படும் மகள், அந்த மகளுக்கும் ஒரு மகள். கணவன் பாத்திரம் ஒரு குறையும் இல்லாத மனிதனாக இருப்பதும், பகுதிக்குப் பகுதி அழவைப்பதும் மிகைதான். ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேலான காலத்தை ஒரு வீட்டுக்குள் அடக்கிக் காட்டிய விதத்தில், 'ஆர்த்தால்' எட்ட முடியாததை அது எட்டியது.

தென்காசி மாவட்டத்தின் கீழப்பாவூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம் வட்டாரத்தில் இந்தக் கொரியத் தொடர்களைப் பார்ப்பதற்கு ஒரு தனித் தடை உண்டு. மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு இலையிலும் நூலிலும் கண் வேண்டும். திரையின் அடியில் ஓடும் எழுத்தை அவரால் படித்துக்கொண்டிருக்க முடியாது. காதால் கேட்கிற கதையே அவருக்குக் கதை. தமிழ்க் குரல் இல்லாத கொரியத் தொடர் கல்லூரிப் பிள்ளையின் கைபேசியோடு நின்றுவிடுகிறது. தாயிடம் வந்து சேர்வதில்லை. 'மை மிஸ்டர்' போல மௌனத்தால் பேசும் தொடருக்கு நல்ல தமிழ்க் குரல் கொடுப்பது கடினம், ஆனால் அந்த உழைப்பு அவசியம்.

அந்தத் தாயின் காதுக்குப் பல ஆண்டுகளாகக் கிடைப்பது முடியாத நெடுந்தொடர். 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500 பகுதிகளைத் தாண்டியது. தமிழுக்கு அளவான தொடர் தெரியாது என்று இதனால் சொல்லிவிட முடியாது. 2023இல் முத்துக்குமார் இயக்கிய 'அயலி' எட்டே பகுதிகள். பருவமடைந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத ஒரு கிராமத்தில், மருத்துவராகும் ஆசையால் தான் பருவமடைந்ததையே மறைக்கும் தமிழ்ச்செல்வியின் கதை. கடைசிப் பகுதியில் சிக்கல் அவிழும் வேகம் நம்பும்படி இல்லை. சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவது சொற்பொழிவாகிவிடுகிறது. ஆனால் தாயும் மகளும் அந்த ரகசியத்தைச் சேர்ந்து சுமக்கும் பகுதிகளைச் சியோலில் எடுத்த எந்தத் தொடருக்குப் பக்கத்திலும் வைக்கலாம்.