பெரிய பிரேக்கர் போட்டால் போதுமா?

தெம்பனிஸில் ஒரு நாலறை வீடு. தீபாவளிக் காலை. சமையலறையில் மின்கெண்டியில் தண்ணீர் கொதிக்கிறது. பக்கத்தில் அவன் சூடேறுகிறது. சோற்றுப் பானையும் போட்டாயிற்று. கூடத்தில் மகன் புதுச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். சில நிமிடங்களில் 'டக்'கென்று ஒரு சத்தம். எல்லாம் நின்றுவிடுகிறது.

இப்படியொரு வீட்டை எண்ணிப் பாருங்கள் நேயர்களே. மறுநாள் வயரிங் வேலை செய்பவர் வருகிறார். "அண்ணே, இந்த 20 ஆம்பியர் அடிக்கடி விழுது. 32 போட்டு விட்டுடுங்க" என்கிறார் வீட்டுக்காரர். பத்து நிமிட வேலைதான். வீட்டுக்குத் தீ வைக்கவும் அந்தப் பத்து நிமிடம் போதும்.

பிரேக்கர் மின்கெண்டியைக் காப்பதற்காக வைத்ததன்று. சுவருக்குள் போகும் வயரைக் காப்பதற்காக வைத்தது. இதை மறந்துவிடுவதால்தான் சிக்கல் வருகிறது.

கணக்கு எளியது. சிங்கப்பூரில் வீட்டு மின்அழுத்தம் 230 வோல்ட். வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். மின்கெண்டி 2,200 வாட், அவன் 1,800, இஸ்திரிப் பெட்டி 2,400, சோற்றுப் பானை 700. ஆக 7,100 வாட். ஏறத்தாழ 31 ஆம்பியர். 20 ஆம்பியர் பிரேக்கர் விழுந்ததில் பிழையேதும் இல்லை. அது தன் கடமையைச் செய்திருக்கிறது.

அந்தப் பிரேக்கருக்குப் பின்னால் இருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். குழாய்க்குள் போகும்போது அது தாங்குவது சுமார் 24 ஆம்பியர். பல வயர்கள் ஒரே குழாயில் நெருக்கிக் கிடந்தால் அதுவும் குறையும். 24க்கும் 31க்கும் பெரிய வேறுபாடு இல்லையே என்று தோன்றலாம். ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாக ஏறும். இங்கே அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. மேலுறையான பிவிசி 70 பாகை வரைதான் நெடுநாள் தாங்கும். அதற்கு மேல் போனால் காய்ந்து, வெடித்து, ஒருநாள் உள்ளிருக்கும் செம்பு வெளியே தெரியும்.

32 ஆம்பியர் பிரேக்கர் இதைத் தடுக்குமா? தடுக்காது. பிரேக்கர் தன் எண்ணைத் தொட்டவுடன் விழும் கருவியன்று. 32 ஆம்பியர் பிரேக்கர் 36 ஆம்பியரை ஒரு மணி நேரம்கூட விட்டு வைக்கும். 46 ஆம்பியர் ஓடினாலும் விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை வயர் வெந்துகொண்டிருக்கும்.

எனவே, சுமையைவிடப் பிரேக்கர் சிறிதாக இருக்கக்கூடாது. வயர் தாங்குவதைவிடப் பிரேக்கர் பெரிதாக இருக்கக்கூடாது. விளக்குகளுக்கு 1.5 வயர், 6 அல்லது 10 ஆம்பியர். பிளக் பாயிண்டுகளுக்கு 2.5 வயர், 20 ஆம்பியர். 32 ஆம்பியர் வேண்டுமானால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுக்க வேண்டும்.

2.5 வயரிலேயே 32 ஆம்பியர் போட்டிருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே வயர் டிபி பெட்டியிலிருந்து புறப்பட்டு எல்லாப் பாயிண்டுகளையும் சுற்றி அங்கேயே திரும்பும். மின்னோட்டம் இரு வழியாகப் பிரிவதால் பாதுகாப்பு. ஆனால் அந்த வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் எல்லாப் பாயிண்டும் வழக்கம்போல வேலை செய்யும்; யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது.

அப்படியானால் அந்தத் தெம்பனிஸ் வீட்டுக்கு என்ன வழி? சமையலறைக்குத் தனியாக இன்னொரு சுற்று இழுப்பதே முறையான வழி. ஆனால் வீட்டின் மொத்தத்துக்கும் வரம்பு உண்டு. பழைய வீவக வீடுகள் பலவற்றில் முதன்மை விசை 30 ஆம்பியர்தான். பின்னர் வந்தவற்றில் 40. அதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். செலவே இல்லாத வழியும் இருக்கிறது. கெண்டி கொதித்து முடிந்தபின் இஸ்திரி போடலாம். நீட்டிப்புப் பலகையில் நாலு துளை இருந்தாலும் மொத்தமும் ஒரே 13 ஆம்பியர் பிளக் வழியாகத்தான் போகிறது. சுமார் 3,000 வாட்டுக்கு மேல் தாங்காது.

இன்னொன்று, ஆர்சிசிபி. மின்கசிவு 30 மில்லிஆம்பியர் ஆனதும் அது மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கும். ஆனால் வயரின் அளவுமீறிய சுமை அதற்குத் தெரியாது. இரண்டும் வேண்டும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் சிலவற்றில் இது இல்லை. எல்லா வீடுகளிலும் இது இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 1இல் நடப்புக்கு வந்தது. பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. தெம்பனிஸ் புதுநகர் 1980களின் தொடக்கத்தில் எழுந்தது. பழைய அடுக்குமாடிகளில் இருப்போர் டிபி பெட்டியைத் திறந்து, 'டெஸ்ட்' பொத்தான் உள்ள விசை இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் அவ்வப்போது அழுத்திச் சோதிக்கட்டும்.

வயரிங் வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரையே அழைக்க வேண்டும். "பெரிய பிரேக்கர் போடுங்கள்" என்று கேட்பதைவிட, "இந்தச் சுற்றில் என்ன வயர் போயிருக்கிறது?" என்று கேளுங்கள். அதற்குப் பார்க்காமலே பதில் சொல்பவரிடம் வீட்டை ஒப்படைக்க வேண்டாம்.