எளிமைதான் முதல் பூட்டு!
('பள்ளி மதிப்பெண் மென்பொருளுக்கு முதல் தேவை பாதுகாப்பா? எளிமையா?' என்ற பட்டிமன்றத்தில், 'எளிமையே' அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் பூட்டும் சாவியுமாக உட்கார்ந்திருக்கிற நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி டொரண்டோவைச் சொல்லி எல்லாரையும் பயமுறுத்திட்டுப் போனாங்க. சொன்னது உண்மைதான். வட அமெரிக்காவிலே ஏராளமான பள்ளிகள் பயன்படுத்துகிற பவர்ஸ்கூல் மென்பொருளில் 2024 டிசம்பரில் திருட்டு நடந்தது. டொரண்டோ பள்ளி வாரியத்தில் 1985 வரைக்கும் பின்னோக்கிப் போய்ப் பிள்ளைகளின் விவரங்கள் சிக்கின. நம்ம தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கிற ஊர் ஐயா அது!

ஆனால் திருடன் எப்படி வந்தான்? கன்னம் வச்சானா? கூரையைப் பிரிச்சானா? இல்லீங்க. யாரோ ஒருவருடைய கடவுச்சொல்லைக் கையில வச்சுக்கிட்டு, மாப்பிள்ளை மாதிரி வாசல் வழியா வந்தான்! (சிரிப்பு) 'நிஜமாவே நீதானா?' என்று இரண்டாம் முறை கேட்க அந்த வாசலில் ஆளில்லை. செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால் முடிகிற கேள்வி ஐயா அது. பாதுகாப்பும் அதுதான்; எளிமையும் அதுதான்!

எதிரணி என்ன சொல்லுது? கடவுச்சொல் பதினாறு எழுத்து இருக்கணும், மாசாமாசம் மாத்தணும். சரி, எங்க டீச்சரம்மாவைப் பாருங்க. 45 பிள்ளை, 5 பாடம். 225 மதிப்பெண் ஏத்தணும். 200 வரும்போது 'நேரம் முடிந்தது, மறுபடி உள்ளே வா' என்கிறது கணினி. அவங்க என்ன செய்வாங்க? கடவுச்சொல்லை வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, 'தம்பி, மீதியை நீயே போட்டுடுப்பா' என்று ஒரு பையனைக் கூப்பிடுவாங்க. அவன்தான் கணக்கில் ஃபெயிலான பையன்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறோம். ஆனால் 2003-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக இப்படிப்பட்ட கடவுச்சொல் விதிகளை எழுதிய பில் பர் என்பவரே, 2017-ல் அதற்காக வருந்துவதாகச் சொன்னார். காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று அந்த நிறுவனமும் அதே ஆண்டில் வழிகாட்டியைத் திருத்தியது. அதற்கும் முன்னே, 1883-லேயே, ராணுவ ரகசிய எழுத்துக்கு இலக்கணம் சொன்ன கெர்க்காஃப்ஸ் என்ன சொன்னார்? முறை எளிதாக இருக்க வேண்டும், மூளையைப் பிழியக் கூடாது என்றார். பாரிசில் மொழி சொல்லிக்கொடுத்தவர், அவரும் வாத்தியார்தானே! (கைதட்டல்)

நாங்கள் பூட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசிரியர் உள்ளே வந்தால் அவர் வகுப்பு மட்டும் தெரியட்டும். பெற்றோர் வந்தால் தன் பிள்ளை மட்டும் தெரியட்டும். 78-ஐ 87 ஆக்கினால், யார் மாற்றினார், எப்போது மாற்றினார், பழைய எண் என்ன என்று தானாகப் பதியட்டும். இதற்கெல்லாம் டீச்சர் ஒரு விசையும் கூடுதலாகத் தட்ட வேண்டாமே!

இன்னொன்று. காய்ச்சலில் பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு 'வரவில்லை' என்று போட வசதியான கட்டம் வேண்டும். அது இல்லையென்றால் பூஜ்யம் விழும். திருடனே வராமல் அந்தப் பிள்ளையின் வருஷம் போச்சே ஐயா! இதை எந்தப் பூட்டு தடுக்கும்?

கஷ்டமான பூட்டைப் போட்டால் மனுஷன் கதவைத் திறந்தே வச்சிடுவான். சுலபமான பூட்டைத்தான் தினமும் பூட்டுவான். ஆகவே முதல் தேவை எளிமையே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)