தெரியாதது பிள்ளைகளுக்கு மட்டுமா?

(கடந்த தைப்பொங்கல் ஒன்றுகூடலில், ஸ்காபரோவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



தலைவர் எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார். "இளைய தலைமுறையும் பொது அறிவும்" என்பது தலைப்பு. இரண்டு வருசத்துக்கு முதல் இந்தத் தலைப்பைத் தந்திருந்தால் பிள்ளைகளுக்கு என்னிடம் நல்ல ஏச்சு விழுந்திருக்கும். இப்போது அப்படிப் பேச என்னால் ஏலாது. ஏன் எண்டு சொல்லுறன்.

கடந்த கோடையில் சங்கத்தின் இளைஞர் நாளுக்கு ஒரு பொது அறிவுப் போட்டி வைக்கவேண்டும், கேள்விகளை நீங்கள் எழுதித் தாருங்கோ என்று கேட்டார்கள். நான் ஊரில் கொஞ்சக் காலம் படிப்பித்தவன். சந்தோசமாக இருபது கேள்விகள் எழுதினேன். இருபத்திமூன்று பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லாரும் பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட வயதுக்காரர். கனடாவின் மாகாணங்களையும் அவற்றின் தலைநகரங்களையும் கேட்டேன், கடகடவென்று சொன்னார்கள். சூரியனில் இருந்து வெளிச்சம் பூமிக்கு வர எவ்வளவு நேரம் என்று கேட்டேன்; எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட என்று ஒரு சின்னப் பிள்ளை எழும்பிச் சொன்னாள். எனக்கு வலு புளுகம்.

பதினெட்டாவது கேள்வி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எந்த ஆண்டில் எரிக்கப்பட்டது என்பது. நாலு கைகள் எழும்பின. ஒருவர் 1983 என்றார். இருவர் 2009 என்றார்கள். ஒரேயொரு பிள்ளை 1981 என்று சரியாகச் சொன்னாள். 97,000 அளவிலான நூல்கள் எரிந்ததை நாங்கள் மறக்கமாட்டோம் என்று மேடைக்கு மேடை சொல்லுகிறோம். ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருபத்திமூன்று பேரில் ஒருத்திக்குத்தான் ஆண்டு தெரிந்திருந்தது.

பத்தொன்பதாவது கேள்வி இது. 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் கடலில் காப்பாற்றப்பட்டவர்கள் யார்? ஒரு கையும் எழும்பவில்லை. கடைசியில் ஒரு பெடியன் "ரைற்றானிக்கோ?" என்று கேட்டான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் போட்டி முடிந்து கார் ஓட்டிக்கொண்டு போகும்போது சிரிப்பு வரவில்லை.

இங்கே இருக்கிற பிள்ளைகளுக்காக அந்த விடையைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் எங்கட ஆக்கள். 155 பேர். மேற்கு ஜேர்மனியில் இருந்து ஒரு சரக்குக் கப்பலில் வந்தவர்களை, அந்தக் கப்பல் நடுக்கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அத்திலாந்திக் கடலில், மூடுபனிக்குள்ளே, கரை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் மிதந்தார்கள். கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிப் படகுக் கப்டன்தான் அவர்களைக் கண்டு மற்றப் படகுகளையும் கூப்பிட்டு ஏற்றியவர். பிறகு சென் ஜோன்ஸ் நகரில் மெமோறியல் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்தார்கள். ஏமாற்றி வந்தவர்கள், திருப்பி அனுப்பு என்று சத்தம் போட்டவர்களும் இருந்தார்கள். பிரதமராக இருந்த பிரையன் மல்றோனி அனுப்பவில்லை. ஒரு வருட அனுமதி கொடுத்தார்கள். பெரும்பாலானோர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். 2016இல், முப்பது வருசம் கழித்து, அவர்களில் சிலர் திரும்பவும் நியூபவுண்ட்லாந்து போய் அந்தக் கப்டனைக் கண்டு கைகொடுத்தார்கள்.

இது ஒருவருக்கும் தெரியவில்லையே என்று காருக்குள்ளே நான் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன். போட்டியில் பங்குபற்றிய என் பேத்தி பக்கத்தில் இருந்தாள். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மப்பா, நான் உங்களிட்ட ஒரு கேள்வி கேக்கட்டோ? கொமகாட்டா மாரு எண்டால் என்ன?"

நான் யோசித்துவிட்டுச் சொன்னேன். "ஜப்பான் ரின்மீனோ பிள்ளை?"

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். அவள் சிரிக்கவில்லை. "அதுவும் கப்பல்தான் அம்மப்பா" என்றாள்.

பெரியவர்களே, உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை உயர்த்த வேண்டாம். எனக்கு அவள் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன். 1914ஆம் ஆண்டு மே மாதம் 376 பயணிகளோடு அந்த ஜப்பானியக் கப்பல் வன்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. பெரும்பாலானோர் பஞ்சாப்பைச் சேர்ந்த சீக்கியர். முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தார்கள். எல்லாரும் பிரித்தானியப் பிரசைகள். கனடாவும் அந்தச் சாம்ராச்சியத்துக்குள்ளேதான். ஆனால் 1908இல் கனடா ஒரு சட்டவிதி கொண்டுவந்திருந்தது: சொந்த நாட்டில் இருந்து இடையில் எங்கும் நில்லாமல் நேரே வரவேண்டும். இந்தியாவில் இருந்து அப்படி நேரே வரக் கப்பல் சேவையே இல்லை. இந்தக் கப்பலும் ஹொங்கொங்கில் இருந்து வந்தது. இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்தார்கள். சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும் கஷ்டம். ஏற்கெனவே இங்கே இருந்து திரும்பி வந்த சிலரைத் தவிர மற்ற எல்லாரையும் யூலை 23ஆம் திகதி போர்க்கப்பல் காவலோடு திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்குக் கிட்ட இறங்கியபோது துப்பாக்கிச்சூடு நடந்து இருபது பேரளவில் செத்தார்கள். 2016இல் பிரதமர் ஜஸ்ரின் ரூடோ பாராளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருசத்துக்கு மேல். குடியுரிமைச் சோதனை எழுதிச் சித்தியடைந்தவன். எனக்கு இது தெரியாது. பேத்தி பத்தாம் வகுப்பில் படித்திருக்கிறாள். ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்புச் சரித்திரம் கட்டாய பாடம். 1914இல் இருந்துதான் தொடங்கும்.

இதோடு விட்டிருந்தால் அவளுக்கு ஒன்று தெரியும், எனக்கு ஒன்று தெரியும், கணக்குச் சரி என்று இருந்திருப்பேன். அவள் விடவில்லை. "அம்மப்பா, அந்த 155 பேரும் ஜேர்மனியில இருந்து வந்தவை எண்டதை முதல்லயே சொன்னவையோ?" என்று கேட்டாள்.

எனக்குத் திடுக்கிட்டுப் போச்சுது. சொல்லவில்லை. இந்தியாவில் இருந்து வந்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். ஜேர்மனி என்று சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். சில நாளில் உண்மை வெளியில் வந்துவிட்டது.

"அப்ப ரெண்டும் ஒரே கேள்விதானே" என்றாள். "1914இலயும் நேரே வந்தனியோ எண்டுதான் கேட்டவை. 1986இல உங்கட ஆக்கள் பயந்ததும் அதே கேள்விக்குத்தான்."

நான் காரை ஓரமாக நிப்பாட்டினேன். இத்தனை வருசமாக அந்தப் 155 பேரின் கதை எனக்குத் தெரியும். அவர்கள் ஏன் பொய் சொன்னார்கள் என்று கதைத்தும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி இந்த நாட்டில் எவ்வளவு பழசு என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அது போகவில்லை. 2004இல் இருந்து அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. சில விலக்குகளைத் தவிர, தரை எல்லையால் வருகிற அகதி முதலில் கால்வைத்த நாட்டில்தான் கேட்கவேண்டும். 2023இல் அதை இன்னும் இறுக்கினார்கள். என்னிடம் இருந்த பாதியையும் அவளிடம் இருந்த பாதியையும் சேர்த்தபோதுதான் எங்கள் இரண்டு பேருக்குமே விளங்கியது.

சரி, எங்கட பாதியை நாங்கள் ஏன் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை?

என்ர அப்பு இரண்டாம் உலக யுத்தக் காலத்துக் கூப்பன் அரிசிக் கதையை விறாந்தையில் இருந்து நூறு தரம் சொல்லியிருப்பார். எங்களுக்கு அலுப்பு; காதைப் பொத்துவோம். ஆனால் இன்றைக்கும் அந்தக் கதை எனக்குத் தெரியும். அப்புவுக்குச் சொல்லப் பயம் இருக்கவில்லை. எங்களுக்கு இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கேஸ் இருந்தது. எந்த வழியால் வந்தாய், எந்தப் பெயரில் வந்தாய் என்ற கேள்விகள் இருந்தன. வீட்டில் கதைக்கிறதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். பிறகு, சொல்லாமலே விடுவது அதைவிடப் பாதுகாப்பு என்று விட்டோம். கேஸ் முடிந்தது, குடியுரிமை வந்தது, வீடு வாங்கினோம். வாய் மட்டும் திறக்கவில்லை.

என்ர வீட்டுக் கதையையே சொல்லுறன். அன்று இரவு பேத்தி கொப்பியும் பேனாவுமாக வந்து குசினி மேசையில் இருந்தாள். "நீங்கள் எந்த வழியால் வந்தனீங்கள்?" என்று கேட்டாள். நான் சொல்லத் தொடங்கினேன். 1984இல், என் மகளுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது வெளிக்கிட்டது. கொழும்பில் இருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின், பிறகு நகர ரயிலில் ஏறி மேற்கு பேர்லின். அந்தக் காலத்தில் எத்தனையோ எங்கட பெடியள் வந்த வழி அது. ஜேர்மனியில் அகதி விடுதி. வேலை செய்ய அனுமதி இல்லை. குறித்த மாவட்டத்தை விட்டு வெளியில் போகவும் ஏலாது. 1986இல் கப்பல் ஒன்று போகுது என்று அறிந்து என் அறையில் இருந்த சிநேகிதன் போனான். என்னிடம் காசு இல்லை. அவன் உயிரோடு கரைசேர்ந்தான் என்று அறிந்த அன்று விடுதியில் நாங்கள் அழுதது இன்றைக்கும் நினைவு. அந்த வருசக் கடைசியில் நான் வேறு வழியால் மொன்றியல் வந்தேன். ஊருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டேன். 1987இல் அங்கே திரும்பச் சண்டை தொடங்கியபிறகு பாதிக் கடிதம் போய்ச் சேரவில்லை. 1990இல்தான் மனுசியையும் மகளையும் கூப்பிட முடிந்தது. விமான நிலையத்தில் ஏழு வயசுப் பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு என்னை "மாமா" என்று கூப்பிட்டாள்.

நான் சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தால், குசினி வாசலில் மகள் நிற்கிறாள். நாற்பது வயது தாண்டிய பிள்ளை. கண் கலங்கிப்போய் நிற்கிறாள்.

"அப்பா, கடிதம் போட்டனீங்களோ? நீங்கள் எங்களை மறந்திட்டியள் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பிறகு மகள் தன்னுடைய கதையைச் சொன்னாள். 2009 மே 10ஆம் திகதி, அன்னையர் தினம். வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான எங்கட சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மறித்து நின்ற நாள். என்ர மகளும் அங்கே நின்றிருக்கிறாள், வயிற்றில் நாலு மாதப் பிள்ளையோடு. நான் பேசுவேன் என்று சொல்லவில்லையாம். அந்தப் பிள்ளைதான் கொப்பியோடு இருந்த பேத்தி. "அப்ப நானும் அங்க நிண்டனானோ?" என்று அவள் கேட்டாள். அவளுக்கும் அது அன்றுதான் தெரியும்.

பெரியவர்களே, பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று இனி நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு செப்ரெம்பர் 30ஆம் திகதியும் பேத்தி செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போவாள்; ஏதோ விளையாட்டுக் குழுவின் நிறம் என்று இருந்தேன். பூர்வீகக் குடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து விடுதிப் பாடசாலைகளில் அடைத்துவைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள் என்று அவள்தான் விளங்கப்படுத்தினாள். மொழிக்காக ஊரை விட்டு வந்த எனக்கு, நான் வீடு வாங்கிய மண்ணின் மொழிகளுக்கு நடந்தது தெரியாது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரப்போகிற புத்தாண்டில், கைவிசேடம் கொடுக்கிற அன்றைக்கு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி அந்தப் பக்கம், ஒரு கேள்வி இந்தப் பக்கம் கேட்கவேண்டும். பிள்ளைகள் பெரியவர்களிடம் எந்த ஆண்டு, எந்த வழி, யார் உதவினது என்று கேளுங்கோ. எழுதி வையுங்கோ, போனில் பதிந்தாலும் சரி. பெரியவர்கள் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தில் என்ன படிச்சனி என்று கேட்டுவிட்டு, புள்ளி எத்தனை என்று கேட்காமல் பதிலை முழுக்கக் கேளுங்கோ. சொல்ல முடியாத துன்பம் பட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்கள் சொல்லுகிற நாளில் சொல்லட்டும். மற்றவர்கள் பிந்தாதீர்கள். எங்களோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த கோடையிலும் போட்டி வைப்போம். இந்த முறை பத்துக் கேள்வி நான் எழுதுவேன், பத்துக் கேள்வி பேத்தி எழுதுவாள். பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே மேசையில் இருந்து விடை எழுதவேண்டும்.

தலைவர் மணியைப் பார்க்கிறார்.