படலையும் பொட்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர்களைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று பயந்திருப்பீர்கள். இன்றைக்கு அது வேண்டாம். சட்டத்தில் எழுதியிருக்கும் சொல்லை அதன் சாதாரண பொருளிலேயே வாசிப்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அது இந்தப் பாடசாலையின் பின்வேலியில் தொடங்கியது.

நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது விதிப் பலகையில், "பாடசாலை நேரத்தில் பின் படலையால் எவரும் வெளியே செல்லக்கூடாது" என்று இருந்தது. நாங்கள் ஐந்து பேர் படலையால் போகவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் போய் ஐஸ்பழம் வாங்கி வந்தோம். பிடிபட்டு நின்றபோது எங்களில் ஒருத்தி (இப்போது சட்டத்தரணி, ஆச்சரியமில்லை) "மிஸ், படலை எண்டுதானே எழுதியிருக்கு" என்றாள். மிஸ் எழுந்துபோய்ப் பலகையை இரண்டு தரம் வாசித்தார். "எழுதினபடி பாத்தால் நீங்கள் பிழை செய்யேல்லை. வகுப்புக்குப் போங்கோ" என்றார். மறுநாள் காலை அதே வரியில் "படலையாலோ வேலியாலோ" என்று வெள்ளைப் பூச்சில் திருத்தியிருந்தது.

அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். வாசிப்பது ஒரு வேலை, திருத்துவது வேறொரு வேலை என்பது பிறகுதான் விளங்கியது. எங்கள் தொழிலிலும் அப்படித்தான். மருந்துத் துண்டில் பிழை இருப்பதாகத் தெரிந்தால் மருந்தாளர் எழுதிய வைத்தியரைக் கேட்க வேண்டும். தானாக ஊகித்து வேறொன்றைக் கொடுக்கக்கூடாது.

பெண்கள் வைத்தியர்களானதிலும் ஒரு சொல்லுக்குப் பங்கு உண்டு. இங்கிலாந்தில் எலிசபெத் கரெட்டை மருத்துவப் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. மருந்தாளர் சங்கத்தின் பரீட்சை விதியிலோ "ஆண்கள்" என்று இருக்கவில்லை. எங்கள் சட்டத் தமிழில் "ஆட்கள்" என்கிறோமே, அந்தச் சொல்தான் இருந்தது. எழுதியவர்கள் ஒரு பெண் வந்து நிற்பாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சொல் சொல்தானே. வழக்குப் போடுவோம் என்றதும் சங்கம் இறங்கி வந்தது. 1865 இல் அவர் அனுமதிப்பத்திரம் பெற்றார். அதன் பிறகு வேறு பெண்கள் அதே வழியால் வராதபடி சங்கம் விதியை மாற்றியது. பொட்டு அடைபட்டது!

எல்லா நீதிமன்றமும் எங்கள் மிஸ்ஸைப் போல் வாசிக்கவில்லை. ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்று பிரித்தானியப் பாராளுமன்றம் 1850 இலேயே சட்டம் செய்திருந்தது. அதை நம்பி மன்செஸ்ரர்ப் பெண்கள் வாக்குரிமை கேட்டார்கள். 1868 இல் நீதிமன்றம் வழக்கத்தைக் காட்டி மறுத்துவிட்டது. கனடாவில் செனற் சபைக்கு "தகுதியுள்ள ஆட்கள்" நியமிக்கப்படலாம் என்று 1867 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதில் பெண்கள் அடங்குவார்களா என்று அல்பேர்ட்டாப் பெண்கள் ஐவர் கேட்டார்கள். 1928 இல் கனடாவின் உயர் நீதிமன்றம் இல்லை என்றது: 1867 இல் பெண்கள் பொதுப் பதவி வகிக்கவில்லையாம். அங்கேதான் குழப்பம் என்பது எங்கள் எண்ணம். 1867 இலும் பெண் ஒரு ஆள்தான். எழுதியவர்கள் யாரை எதிர்பார்த்தார்கள் என்பதைச் சொல்லின் பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள். 1929 ஒக்டோபர் 18 இல் இலண்டன் பிரிவுக் கவுன்சில் அதை மாற்றி, பெண்களும் ஆட்களே என்றது. அந்நாளில் எங்கள் இலங்கைக்கும் அதுதான் கடைசி நீதிமன்றம். இரண்டு வருடத்தில், 1931 இல், இங்கே பெண்கள் வாக்களித்தார்கள்.

சொல் எப்போதும் எங்கள் பக்கம் நிற்பதில்லை. கணவன் எங்கே என்று தெரியாத ஒரு தாய் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். பிள்ளையின் சத்திரசிகிச்சைக்கு அவருடைய சீதனக் காணியை விற்க வேண்டும். கணவனின் ஒப்பம் இல்லாமல் உறுதி முடிக்க முடியாது என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார். நொத்தாரிசில் பிழையில்லை. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் அசையும் சொத்தைத் தன் விருப்பப்படி கொடுக்கலாம், அசையாச் சொத்துக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இருக்குமிடம் தெரியாத கணவனுக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தாய் கேட்டார், கிடைத்தது. ஆனால் மாதங்கள் போயின. நோய் அதுவரை காத்திருக்கவில்லை. பிள்ளை இன்று நடக்கிறது, ஒரு காலை இழுத்துக்கொண்டு.

இந்த வரியை இரக்கத்தோடு வளைத்து வாசிக்க நீதவான் ஒருவர் வரவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. வளைக்க இடம் விட்டால் இன்னொருவர் மறுபக்கம் வளைப்பார். மன்செஸ்ரரில் நடந்தது அதுதானே. பலகையில் உள்ள வரியையே மாற்ற வேண்டும். எங்கள் மிஸ்ஸுக்கு ஓரிரவு போதுமாயிருந்தது. இதற்கு நூறு வருடம் கடந்துவிட்டது.

ஐஸ்பழ வழக்கில் வென்ற சட்டத்தரணி ஒரு திருத்த வரைவு எழுதத் தொடங்கியிருக்கிறார். கணவன் இல்லாமல் காணி உறுதி முடிக்க அலைந்த பழைய மாணவிகள் இங்கே பலர் இருப்பீர்கள். தேநீர் வேளையில் எங்கள் மேசைக்கு வந்து உங்கள் கதையை எழுதித் தாருங்கள்.