நூறு சதவீதம் என்றால் எதில் நூறு?



நான் தொழிலால் கணக்கர். பேரேடும் ரசீதும் பார்த்தே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. போன் பழுது பார்க்கிறவன் அல்ல. இருந்தாலும் இன்று போன் பேட்டரியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம், தான்லியினில் இருக்கிறார். நம் பெரியவர்கள் சிரியம் என்று சொல்லுகிற ஊர்தான். போன வருடம் வெயில் காலத்தில் ஒரு நாள் இரவு, கரண்ட் இல்லாத நேரம், அத்தானுக்கு நெஞ்சை அடைப்பது போல் வந்திருக்கிறது. அக்கா எனக்குப் பேசப் போனை எடுத்தார். திரையில் 38 சதவீதம் காட்டியது. என் பெயரை அழுத்தியிருக்கிறார். ஒரு மணி அடித்தது. அத்தோடு போன் அணைந்துவிட்டது. என் எண் அந்தப் போனுக்குள் இருந்ததே தவிர அக்காவுக்கு மனப்பாடம் இல்லை. பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் ஓடி வந்து, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போனார். அத்தான் இப்போது நலமாக இருக்கிறார். எனக்குத் தகவல் கிடைத்தது விடிந்த பிறகுதான்.

"தம்பி, முப்பத்தெட்டு இருந்துச்சுடா, நான் பாத்தேன்" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. ஆனால் அந்தப் போனை வாங்கிக் கொடுத்தவன் நான். நகரத்தில் ஒரு கடையில், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய போன். கடைக்காரர் சார்ஜ் ஏற்றிக் காட்டினார். நூறு என்று திரை சொன்னது. நானும் தலையாட்டிக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு கணக்கர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. நூறு சதவீதம் என்றால் எதில் நூறு?

உளுந்து, பயறு வியாபாரம் செய்கிறவர்கள் நம் நேயர்களில் பலர் இருக்கிறீர்கள். குடோனில் நூறு மூட்டை இருக்கிறது என்று ஏடு சொல்லும். மூட்டைக்கு எத்தனை விஸ் என்று நிறுத்துப் பார்க்காமல் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போட மாட்டார். மூட்டை சிறுத்துப்போனாலும் எண்ணிக்கை நூறாகத்தானே இருக்கும்? போன் திரையில் தெரியும் சதவீதமும் அப்படித்தான். பேட்டரி இன்று எவ்வளவு கொள்ளுமோ, அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொண்டது என்று சொல்லாது. பாதி தேய்ந்த பேட்டரியும் நிரம்பினால் 100 என்றே காட்டும்.

போன் பெட்டியில் 4000, 5000 என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். பக்கத்தில் எம்.ஏ.எச். என்று இருக்கும். மில்லி ஆம்பியர் மணி என்று பொருள். அதுதான் மூட்டையின் எடை. சில பெட்டிகளில் 5000 என்று பெரிதாகவும் 4900 என்று சிறிதாகவும் இரண்டு எண்கள் இருக்கும். பெரியது சராசரி அளவு, சிறியது குறைந்தபட்ச அளவு. இது ஏமாற்று அல்ல. ஆனால் கணக்குப் போடும்போது எந்த எண்ணை வைத்துப் போடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கணக்கில் தேய்மானம் என்று ஒரு தலைப்பு உண்டு. வாங்கிய இயந்திரம் வருடா வருடம் மதிப்புக் குறைவதை எழுதுவோம். பேட்டரிக்கும் அதே சொல் அப்படியே பொருந்துகிறது. இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் உள்ளே இருக்கும் லித்தியத்தில் சிறிதளவு வேறு சேர்மமாக மாறி, மறுபடி வேலைக்கு வராமல் போய்விடுகிறது. கொள்ளளவு குறைகிறது. கூடவே உள் மின்தடை கூடுகிறது.

அக்காவின் போன் 38இல் அணைந்ததற்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. சும்மா இருக்கும் போனுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். அழைப்புப் போகும்போது, அதுவும் டவர் சிக்னல் பலவீனமாக இருக்கும்போது, போன் சட்டென்று அதிக மின்சாரத்தை இழுக்கிறது. தேய்ந்த பேட்டரியில் அந்த நொடி மின்னழுத்தம் சரிந்துவிடும். போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அக்கா மேல் தவறே இல்லை.

சரி, உண்மையான கொள்ளளவை எப்படிப் பார்ப்பது? வழிகள் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வழி, போனையே கேட்பது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் பேட்டரி என்ற பகுதிக்குப் போனால், பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று இருக்கும். இதுதான் நாம் தேடும் சதவீதம், புதிதாக இருந்தபோது கொண்டதோடு ஒப்பிட்டுச் சொல்வது. இந்த வசதி வந்ததற்கு ஒரு கதை உண்டு. பேட்டரி தேய்ந்த பழைய போன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணையாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றார்கள். சொல்லாமல் செய்தீர்களே என்று வாடிக்கையாளர்கள் கோபப்பட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018ஆம் ஆண்டு முழுவதும் 29 டாலராகக் குறைத்தது. அந்த வருடம்தான் இந்தச் சதவீதத்தையும் காட்டத் தொடங்கியது. வாடிக்கையாளர் கேட்டால்தான் கணக்கு வெளியே வரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆண்ட்ராய்டு போன்களில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். சில புதிய மாடல்களில் அமைப்புகளிலேயே கொள்ளளவு காட்டுகிறது. சாம்சங் போனில் சாம்சங் மெம்பர்ஸ் என்ற செயலிக்குள் பரிசோதனைப் பகுதி உண்டு. அது நல்லது, பலவீனம் என்கிற மாதிரிச் சொல்லும். நம்மிடம் இருக்கும் பழைய போன்கள் பலவற்றில் எதுவும் இருக்காது.

அவர்களுக்கு இரண்டாவது வழி. அக்யூ பேட்டரி என்று ஒரு செயலி இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது எவ்வளவு மின்சாரம் உள்ளே போகிறது என்று அது வரவு வைக்கும். மீதி வகுத்தல் கணக்குதான். அக்காவின் போனில் நான் செய்ததைச் சொல்கிறேன். பெட்டியில் இருந்த எண் 4000. 20 சதவீதத்தில் சார்ஜில் போட்டு 80 வந்ததும் எடுத்தேன். ஏறியது 60 சதவீதம். உள்ளே போனது 1380. அப்படியானால் முழு நூறுக்கு எவ்வளவு? 1380ஐ 60ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 2300. நாலாயிரத்துக்கு 2300 என்றால் 58 சதவீதம் கூட இல்லை. கடையில் 100 என்று பார்த்து வாங்கிய போனின் நிலைமை இதுதான்.

இதில் சில எச்சரிக்கைகள். ஒரே தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். நான்கைந்து முறை சார்ஜ் செய்து சராசரி எடுங்கள். நாலு சதவீதம் ஏற்றிப் பார்த்தால் பிழை பெரிதாகும், ஐம்பது அறுபதாவது ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் போனை உபயோகிக்காமல் வையுங்கள். அதிவேக சார்ஜ் ஏறும் சில போன்களில் பேட்டரி இரண்டு பாகமாக இருக்கும். அவற்றில் செயலி பாதி அளவைக் காட்டுவது உண்டு. பயந்துவிட வேண்டாம்.

மூன்றாவது வழிக்குச் செயலி, இன்டர்நெட் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். போனை நிரப்பி, விமானப் பயன்முறையில் போட்டு, ஏற்கெனவே இறக்கி வைத்த ஒரு படத்தை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். வெளிச்சம் எப்போதும் ஒரே அளவில் இருக்கட்டும். எத்தனை சதவீதம் இறங்கியது என்று தேதியோடு எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே படம், அதே வெளிச்சம். இன்று 10 இறங்கிய இடத்தில் பிறகு 15 இறங்கினால் மூட்டை சிறுத்துவிட்டது என்று பொருள்.

பவர் பேங்க் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 10000 என்று போட்டிருக்கும். 5000 பேட்டரி உள்ள போனை இரண்டு முறை நிரப்பும் என்று நினைப்போம். நிரப்பாது. அந்தப் பத்தாயிரம் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் போட்ட கணக்கு. வெளியே வருவது 5 வோல்ட்டில். 10000ஐ 3.7ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 7400. வழியில் சூடாகப் போகும் நஷ்டம் கழித்தால் இன்னும் குறையும். போனை ஒன்றரை முறை நிரப்பினாலே நல்ல சரக்கு. நேர்மையான கம்பெனிகள் 6000 சொச்சம் என்று ஒரு எண்ணைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள்.

இனி, தேய்மானத்தைக் குறைக்க முடியுமா? கொஞ்சம் முடியும். பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் கொள்ளளவை நிரந்தரமாகக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. நம் ஊர் ஏப்ரல் மதியம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே சார்ஜில் இருக்கும் போனைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது படம் பார்க்காதீர்கள்.

80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்து என்று சொல்கிறார்கள். ஆலோசனை சரிதான். ஆனால் அது நாள் முழுக்கக் கரண்ட் இருக்கும் ஊருக்குச் சொன்னது. 2021க்குப் பிறகு நம் மின்வெட்டு எவ்வளவு கூடியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "மீ லா பீ" என்று தெருவில் பிள்ளைகள் கத்தினால் முதலில் போனைத்தான் சொருகுகிறோம். 2025 மார்ச் 28ஆம் தேதி பூகம்பத்தின்போது மண்டலேயில் உறவினர் உள்ளவர்கள் ஒரு குரல் கேட்க எப்படித் தவித்தார்கள் என்பதும் மறக்கவில்லை. நம் ஊரில் கிடைக்கும்போது நிரப்பித்தான் ஆக வேண்டும். பேட்டரி நமக்காகத் தேயட்டும், அது நியாயமான செலவு. தேய்வது தெரியாமல் இருப்பதுதான் நஷ்டம்.

எப்போது மாற்றுவது? ஐபோன் 14 வரையிலான போன்களில் 500 முழுச் சுற்றுக்குப் பிறகும், 15இலிருந்து 1000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்சும்படி செய்திருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் கொள்ள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. ஒரு சுற்று என்றால் மொத்தம் 100 சதவீதம் செலவானது. இன்று 50, நாளை 50 என்றால் சேர்ந்து ஒன்று. தினம் ஒரு சுற்று ஓட்டுகிறவருக்கு 500 சுற்று ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும். ஆகவே 80க்குக் கீழே வந்தால் பணம் சேர்க்கத் தொடங்குங்கள். அடுத்த கரண்ட் வரும் வரைக்கும் தாங்கவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். பின்பக்கம் உப்பியிருந்தால் அன்றைக்கே உபயோகத்தை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீயில் போடவே கூடாது.

அக்காவின் போனுக்குப் பேட்டரி மாற்றப் போனபோது ஒரு கடையில் 6000 என்று அச்சிட்ட பேட்டரியை எடுத்து வைத்தார்கள். பழையதும் புதியதும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே கனம். அதே மூட்டையில் ஒன்றரை மடங்கு உளுந்து எப்படி அடங்கும்? வேண்டாம் என்று வந்துவிட்டேன். வேறு இடத்தில் 4000 என்று உள்ளதை உள்ளபடி போட்ட பேட்டரி கிடைத்தது. ஐந்து முறை சார்ஜ் ஏற்றிச் சராசரி பார்த்தேன். 3820. கையெழுத்துப் போடலாம் என்று தோன்றியது.

அந்த எண்ணைத் தேதியோடு போன் உறைக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தான்லியின் போகும்போது பார்த்து அடுத்த வரியை எழுதுகிறேன். இன்னொரு தாளில் என் எண்ணையும், பக்கத்து வீட்டுப் பெண்ணின் எண்ணையும், வண்டிக்காரர் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினோம். அந்தத் தாளுக்குச் சார்ஜ் தேவையில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் வயதானவர்கள் கையில் இருக்கும் போனை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். திரையில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, எதில் அவ்வளவு என்றும் கேளுங்கள்.

வணக்கம்.