கையில் இருக்கும் சாவி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரயில்வே காலனியில் வாழும் நமக்கு 'டோக்கன்' என்பது புதிய சொல்லன்று. டோக்கன் முறை உள்ள ஒற்றைப் பாதையில், நிலையக் கருவியினின்று வெளிவரும் எஃகுப் பந்தைக் கையில் பெற்றாலன்றி இஞ்சின் டிரைவர் வண்டியை நகர்த்தமாட்டார். "பாதை காலி" என்று ஒருவர் வாயால் உரைப்பது போதாது. ஒரு பந்து வெளியே இருக்கும்வரை, இரு நிலையக் கருவிகளும் மறுபந்தைத் தரமாட்டா.

கம்ப்யூட்டருக்கும் இன்று அத்தகையதொரு டோக்கன் உண்டு. விரல் நீளமே உள்ள சிறு சாவி அது. பாஸ்வேர்டு தந்தபின், இதனையும் செருகித் தொட்டால்தான் கணக்குத் திறக்கும். பணி முடிந்ததும் கழற்றிக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு இருக்க இது எதற்கு? நம் காலனிப் பெரியவர் ஒருவர், மெய்போல் தோன்றிய போலிப் பக்கத்தில் தம் பாஸ்வேர்டையும், கைபேசிக்கு வந்த எண்ணையும் இட்டார். மறுநாள் அவர் பெயரால், "மருத்துவமனையில் இருக்கிறேன், பணம் அனுப்புக" என்று உறவினர்க்கெல்லாம் மின்னஞ்சல் சென்றது. ஊரிலுள்ள தங்கை வளையலை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். அப்பணம் மீளவில்லை.

சாவியினுள் இருக்கும் இரகசியம் வெளியே வருவதேயில்லை. தளம் ஒவ்வொரு முறையும் புதிய வினா விடுக்கும். சாவி கையொப்பமிட்டு விடை தரும். அதுவும் பதிவு செய்த முகவரிக்கே தரும். போலிப் பக்கம் நம் கண்ணை ஏமாற்றலாம். சாவியை ஏமாற்ற இயலாது. கூகுள் நிறுவனம் 2017-இல் தன் ஊழியர் அனைவருக்கும் இதனைக் கட்டாயமாக்கியது. 85,000-க்கு மேற்பட்ட அவ்வூழியருள் எவரும் அதன்பின் இவ்வஞ்சகத்தில் கணக்கை இழக்கவில்லை என 2018-இல் தெரிவித்தது.

அலுவலகங்களில் மின் கையொப்பத்திற்கும் டோக்கன் உண்டு. ஆயின் நாம் செய்வதென்ன? அதனைக் கம்ப்யூட்டரிலேயே விட்டுத் தேநீர் அருந்தச் செல்கிறோம். இரகசிய எண்ணை மேசைக் கண்ணாடிக்கடியில் எழுதி வைக்கிறோம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். பந்தைப் பாதையோரம் போட்டுவிட்டுச் செல்லும் டிரைவர் உண்டா?

ஆகவே அன்பர்களே, சாவி இரண்டு வாங்கி இரண்டையும் பதிவு செய்க. ஒன்று சாவிக்கொத்தில் இருக்கட்டும். மற்றொன்று பீரோவில் இருக்கட்டும். ஒன்று தொலைந்தால் அன்றே கணக்கிலிருந்து நீக்குக. கைபேசி எண்ணால் நுழையும் பழைய வழியையும் அடைத்துவிடுக. அது திறந்திருப்பின் பூட்டிய வீட்டிற்குக் கொல்லைக் கதவு திறந்ததாகும்.

சொல்லைப் பிறர் நயந்து பேசிப் பெறலாம். கையில் உள்ள பொருளை அவ்வாறு பெற முடியாது. இதனை இன்றிரவே வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துரைக்க வேண்டுகிறோம்.