ஆடி வேலும் நமது ஓய்வு நாளும்

(கொட்டாஞ்சேனையில் நடைபெற்ற, கொழும்பில் தொழில் புரியும் மலையக உறுப்பினர்களின் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளம், சேமலாப நிதி, வீடு, காணி என்றுதான் நாம் வழக்கமாகக் கூடிப் பேசுகிறோம். இன்று திருவிழாவையும் கூத்தையும் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "சங்கத்துக்கும் திருவிழாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய உலகத் தொழிலாளர்கள், எட்டு மணி நேர உறக்கத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மீதி எட்டு மணி நேரமும் எங்களுக்கே வேண்டும் என்றார்கள். அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

கொழும்பில் வைகாசி தொடங்கி ஆவணி வரை வீதிகளுக்கு ஓய்வில்லை. வெசாக்கில் தோரணங்களும் வெளிச்சக்கூடுகளும் எழும்பும். ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். மதம் பாராமல் சனம் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்கும். அதன்பிறகு ஆடி வேல். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க மண்டபத்திலும் இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் நாட்டியம், இசை, நூல் வெளியீடு, பட்டிமன்றம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கியது. எண்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இந்தப் பக்கம் ஜிந்துப்பிட்டியும் கொட்டாஞ்சேனையும் ஒரு காலத்தில் நாடகத்துக்குப் பேர்போன இடங்கள். பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் இரவில் ராஜபார்ட் வேஷம் கட்டிய ஊர் இது.

இவற்றுள் ஆடி வேலைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். கதிர்காம யாத்திரையைக் கொள்ளை நோய்க்குப் பயந்து வெள்ளைக்கார அரசு கட்டுப்படுத்திய காலத்தில், கதிர்காமம் போக முடியாத பக்தர்களும் வணிகர்களும் கொழும்பிலேயே வேல் எடுத்தார்கள் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில் தொடங்கிய வழக்கம் அது. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குப் போகும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெரு சம்மாங்கோட்டுக் கோயில் வேல் வெள்ளவத்தைக்குப் போகும். எசல போயாவை ஒட்டி நடக்கும் இந்த விழாவில் காவடி, கரகம், மயிலாட்டம், நாதஸ்வரம், தவில் எல்லாம் உண்டு. காலி வீதியோரம் கரும்பும் பொம்மையும் பம்பாய் இனிப்பும் விற்ற கடைகளைப் பழைய சிங்கள நண்பர்கள் இன்றும் ஆசையோடு நினைவுகூருவார்கள். 1983 ஜூலையில் இதே வீதிகள் எரிந்தன. அதன்பின் பல ஆண்டுகள் பழைய மாதிரி வேல் வீதிக்கு வரவில்லை. திரும்ப வந்தபோது அது வெறும் கோயில் விழாவாக மட்டும் இருக்கவில்லை. நாங்கள் இன்னும் இந்த நகரத்தில்தான் இருக்கிறோம் என்று தமிழ்ச் சனம் வீதியில் இறங்கி நின்று சொன்னதாகவும் இருந்தது.

இப்போது ஒரு கேள்வி. இந்த வேல் வெள்ளவத்தைக்கு வரும்போது நம்முடைய பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்?

சாப்பாட்டுக்கடையில் கொத்துரொட்டித் தகட்டின் முன்னால் நிற்கிறார்கள். புடைவைக் கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கிறார்கள். நகைக்கடை வாசலில் கதவு திறந்துவிடுகிறார்கள். மாடி வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார்கள். திருவிழா என்றால் மற்றவர்களுக்கு லீவு, நம் பிள்ளைகளுக்கு இரட்டை வேலை. மஸ்கெலியாவிலிருந்தும் பசறையிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஐந்தாறு வருடம் வெள்ளவத்தையில் இருந்தும், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று மட்டுமே வேலைக் கண்டிருக்கிறார்கள். இது அவர்களது தலையெழுத்து அல்ல, சட்டம் நடைமுறைப்படுத்தப்படாததன் விளைவு.

சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லோரும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சாப்பாட்டுக்கடைக்கும் பொருந்தும், புடைவைக் கடைக்கும் பொருந்தும். வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்குச் சம்பளம். வாரத்தில் 28 மணி நேரம் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு ஒன்றரை நாள் விடுமுறை. இரண்டாம் வருடத்திலிருந்து 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. போயா நாளில் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு. "கடையில் சாப்பாடு போட்டு, படுக்க இடமும் கொடுத்திருக்கிறோமே" என்று முதலாளி சொல்லலாம். சாப்பாடும் பாயும் லீவுக்குப் பதில் ஆகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தைப்பொங்கல் தனியார் துறைக்குரிய சட்டபூர்வ விடுமுறைகளில் ஒன்று. தீபாவளி அந்தப் பட்டியலில் இல்லை. அரசாங்க அலுவலகமும் வங்கியும் மூடும். கடை ஊழியருக்கு அது வேலை நாள். ஆடி வேலுக்கோ எந்தப் பட்டியலிலும் இடமில்லை. ஆகவே வேல் பார்க்க வேண்டுமென்றால், நமக்கு உரிய வாராந்த விடுமுறையையோ அமய லீவையோ அந்த நாளுக்கு முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். தனியாகக் கேட்டால் "சீசன் நேரம், முடியாது" என்பார்கள். ஒரே கடையில் வேலை செய்யும் பத்துப் பேர், பாதிப் பேர் இன்றைக்கு, பாதிப் பேர் நாளைக்கு என்று முறை வகுத்து எழுத்தில் கொடுத்தால் மறுப்பது கஷ்டம். வேல் போகும் நாள், தங்கும் நாள், திரும்பும் நாள் என்று ஒன்றுக்கு மேற்பட்ட நாள்கள் இருப்பதால் முறை வகுப்பதும் சிரமமில்லை.

வீட்டு வேலை செய்யும் நம் சகோதரிகளின் நிலை இதைவிட மோசம். கடை, அலுவலகச் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை. சேமலாப நிதியும் அவர்களுக்கு இல்லை. 2011இல் சர்வதேசத் தொழில் அமைப்பு ஏற்றுக்கொண்ட 189ஆம் சமவாயம், வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்கிறது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்த வேண்டும் என்பது தொழிற்சங்கங்களின் நீண்டநாள் கோரிக்கை. நாமும் அதை உரத்துச் சொல்வோம். கூடவே, 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்த எந்தப் பிள்ளையையும் வேலைக்கு அமர்த்த முடியாது. "திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்" என்று தோட்டத்துக்கு வந்து பிள்ளை கேட்கும் தரகர்களிடம் இதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

தோழர்களே, பார்ப்பது ஒரு பக்கம். நாம் ஆடுவதும் பாடுவதும் இன்னொரு பக்கம்.

நமக்கென்று கலை இல்லையா? மாசி மாதத்தில் காமன் ஊன்றி, ரதி மன்மதன் ஆட்டம் ஆடி, காமன் தகனம் நடக்கும்வரை தோட்டம் முழுதும் விழித்திருக்கும். மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும்போது அழாத கிழவி லயத்தில் உண்டா? பொன்னர் சங்கர் கூத்து உண்டு, அருச்சுனன் தபசு உண்டு. தப்பு உண்டு. விடியலில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்புத்தான், திருவிழாவில் சாமியை எழுப்பியதும் தப்புத்தான், கடைசியில் நம்மைக் குழிக்கு அனுப்பியதும் தப்புத்தான். துரைக்காக அடித்த அதே தப்பை நமக்காகவும் அடித்தவர்கள் நம் பாட்டன்மார்.

சங்கத்துக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு புதிதல்ல. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய காலத்தில், அவரது துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். எழுத்து வாசனை அறியாத சனத்துக்கு அந்தப் பாட்டுத்தான் துண்டுப்பிரசுரம். முல்லோயாவில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்ட 1940ஆம் ஆண்டில்தான் மீனாட்சியம்மையின் பாடல்கள் சிறு நூலாகவும் வந்தன. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன தொழிற்சங்கவாதி சி. வி. வேலுப்பிள்ளை, லயத்துப் பெண்களிடமும் பெரியவர்களிடமும் கேட்டு மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தார். அவர் தொகுக்காமல் விட்டிருந்தால் பல பாடல்கள் பாடியவர்களோடே மண்ணுக்குள் போயிருக்கும். 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, நம் முன்னோர் நடந்து வந்த தடத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். இருநூறு வருட வரலாற்றை நாட்டுக்கு நினைவூட்டிய நடை அது.

இப்படிப்பட்ட கலையைக் கொழும்பு மேடைகள் அழைப்பதே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அழைக்கிறார்கள். எப்படி அழைக்கிறார்கள் என்பதுதான் கதை. சென்ற வருடம் நம் உறுப்பினர்கள் சிலர் அடங்கிய ஒரு தப்புக் குழுவை ஒரு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். பத்துப் பேர். ஹட்டனிலிருந்து கோட்டைக்கு ரயில். போக வர இரண்டு நாள் வேலை போனது. அதாவது பத்துப் பேருக்கும் சேர்த்து இருபது பேர் போட முடியாமல் போனது. விருந்தினரை வாசலிலிருந்து மேடைவரை அழைத்து வர அரை மணி நேரம் அடித்தார்கள். பிறகு மேடையில் மூன்று மணி நேரம் வேறு நிகழ்ச்சிகள். இவர்களுக்கு மேடையில் ஐந்து நிமிடமும் இல்லை. கடைசியில் ஆளுக்கொரு பொன்னாடையும் பயணச் செலவும். பொன்னாடையை அவித்துச் சாப்பிட முடியுமா?

அதே விழாவில் ஒலிபெருக்கிக்காரருக்குப் பேசிய கூலி கிடைத்தது. மண்டபத்துக்கு வாடகை கிடைத்தது. சோடனைக்காரருக்கும் கிடைத்தது. கலை மட்டும் சேவை! இதற்குள் சாதியும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். வீணை வாசிப்பவர் வித்துவான். தப்பு அடிப்பவர் "அந்த ஆட்கள்" என்ற பார்வை மண்டபக்காரரிடம் மட்டுமல்ல, நம் லயங்களிலும் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை தப்பைத் தொட்டால் முகம் சுளிக்கும் தகப்பன்மார் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அந்தச் சுளிப்பு இருக்கும்வரை, மேடைக்காரன் ஐந்து நிமிடம்கூடத் தராததை நாம் கேள்வி கேட்கும் குரலுக்குப் பலம் வராது.

ஆகவே நமது சங்கக் குழு சில முடிவுகளை உங்கள் முன் வைக்கிறது.

முதலாவது, நம் கலைக்குழு எங்கே போனாலும் முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு. போக்குவரத்து, சாப்பாடு, தங்குமிடம், இழந்த நாட் சம்பளத்துக்குக் குறையாத கூலி, மேடையில் எவ்வளவு நேரம் என்பன அதில் இருக்க வேண்டும். பொன்னாடை போட விரும்பினால் போடட்டும்; அது கூலிக் கணக்கில் சேராது.

இரண்டாவது, ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையில் நம் சொந்த நிகழ்ச்சி. சீட்டு இல்லை, பிரதம விருந்தினர் இல்லை, வரவேற்புரை ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. ஞாயிறு லீவு கிடைக்காத கடைப் பிள்ளைகளுக்காக இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் ஆட்டம் தொடரும்.

மூன்றாவது, காமன் கூத்தைப் பற்றி. மாசியில் விரதமிருந்து ஊன்றும் காமனை ஆடியில் கொழும்பில் ஊன்றக் கூடாது என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை மதிக்கிறோம். கம்பம் ஊன்றுவதும் எரிப்பதும் தோட்டத்திலேயே நடக்கட்டும். ஆட்டத்தையும் பாட்டையும் மட்டும் கொண்டு வருவோம். இங்கே பிறந்து வளரும் நம் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, மாசியில் தாத்தா ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டால் அதுவே நமக்கு வெற்றி.

நான்காவது, வேல் நாள்களுக்கு லீவு கேட்கும் கடிதத்தின் மாதிரி சங்க அலுவலகத்தில் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கும். மறுக்கப்பட்டவர்கள் திகதியையும் சொல்லப்பட்ட காரணத்தையும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்புகளோடு தொழில் திணைக்களத்துக்கு நாம் கூடப் போவோம்.

தோழர்களே, தேயிலை கொய்த கை, பால் வெட்டிய கை, இன்று கொழும்பில் தட்டு ஏந்துகிறது, சேலை மடிக்கிறது. இந்த நகரத்தின் திருவிழாவுக்கு வேண்டிய சோறும் துணியும் வெளிச்சமும் அந்தக் கைகள் வழியாகத்தான் போகின்றன. வேல் வரும் நாளில் அந்தக் கைகள் ஒரு பொழுதாவது கும்பிடவும் தாளம் போடவும் விடுதலையாக இருக்க வேண்டும். கேட்பது சலுகை அல்ல, உரிமை. வருகிற ஆடியில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அல்ல, வீதியில் சந்திப்போம்.